பேச்சுக்கும் ஒரு பேரேடு
நம் சரக்குச் செய்திகள் நம் கிடங்கிலேயே இருக்கட்டும்



'எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது' என்பது நம் முன்னோர் சொல். அவர்கள் காலையில் கடை திறந்ததும் சிட்டையைப் பிரித்தார்கள். இரவு கடை அடைக்கும் முன் சிட்டையில் உள்ளதைப் பேரேட்டில் ஆள்வாரியாக ஏற்றினார்கள். இன்று நாம் எழுதாமல் இருக்கிறோம் என்று யாரும் சொல்ல முடியாது. முன்னைவிட அதிகமாகவே எழுதுகிறோம். விலை கேட்பதும், ஆர்டர் போடுவதும், லாரி எண் அனுப்புவதும், பாக்கி கேட்பதும் எல்லாம் கைபேசியில் எழுத்தாகவே நடக்கின்றன. ஆனால் அவை அனைத்தும் சிட்டையோடு நின்றுவிடுகின்றன. பேரேட்டில் ஏற்றுவார் இல்லை. அந்தச் சிட்டையும் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் நம் கையில் இல்லை.

இதைப் பற்றித்தான் இக்கட்டுரையில் நம் வணிகர்களோடு பேச விரும்புகிறோம்.

சங்கத்திற்கு வந்த ஒரு வழக்கு

சென்ற ஆண்டு நம் சங்கத்தில் இரண்டு உறுப்பினர்களுக்கிடையே ஒரு பஞ்சாயத்து. பெயர் வேண்டாம்; இருவருமே நாணயமானவர்கள். 50 கிலோ மூட்டை 60, துவரம்பருப்பு. வாங்கியவர் கிலோ 118 ரூபாய்க்குப் பேசியதாகச் சொல்கிறார். விற்றவர் 122 ரூபாய் என்கிறார். 3,000 கிலோவுக்குக் கிலோவுக்கு 4 ரூபாய் என்றால் 12,000 ரூபாய் வித்தியாசம். பேச்சு முழுவதும் கைபேசியில் எழுத்தாகத்தான் நடந்தது என்பதை இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

சரி, எழுத்தைக் காட்டுங்கள் என்றோம். வாங்கியவர் தரப்பில் ஆர்டர் போட்டவர் கடைச் சிப்பந்தி; தம் சொந்தக் கைபேசியில் போட்டிருக்கிறார். அவர் வேலையை விட்டு வெளியூர் போய்விட்டார். விற்றவர் கைபேசியில் 7 நாளில் செய்தி தானாக மறையும்படி வைத்திருந்தார்கள். ஆக, எழுதிய கணக்கே இரு பக்கமும் இல்லை. கடைசியில் வித்தியாசத்தைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ளச் சொல்லித் தீர்த்து வைத்தோம். பணம் தீர்ந்தது, மனத்தாங்கல் தீர்ந்ததா என்று சொல்ல முடியவில்லை. இருபது ஆண்டுப் பழக்கம் உள்ளவர்கள் இப்போது ஒருவரையொருவர் பார்த்தால் வணக்கம் மட்டும் சொல்லிக்கொள்கிறார்கள்.

யாரும் பொய் சொல்லவில்லை. பேச்சு தங்குவதற்கு ஒரு இடம் இல்லை. அவ்வளவுதான்.

பார்சல் ஆபீசும் கிடங்கும்

நாம் தினமும் பயன்படுத்தும் வாட்ஸப், பார்சல் ஆபீஸ் போன்றது. செய்தியை வாங்கி உரியவரிடம் சேர்க்கும். சேர்ந்த பிறகு அது அவரவர் கைபேசியில்தான் தங்குகிறது. கைபேசி உடைந்தாலும், ஆள் மாறினாலும், நகல் எடுத்து வைக்காவிட்டாலும் செய்தி போனது போனதுதான். பார்சல் ஆபீஸ் கதவடைத்தால் அனைவருக்கும் அடைப்பு. 2021 அக்டோபர் 4ஆம் தேதி உலகம் முழுவதும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் வாட்ஸப் நின்றது. 2022 அக்டோபர் 25ஆம் தேதி, தீபாவளிக்கு மறுநாள், நண்பகலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நின்றது.

இன்னொரு வகை, வாடகைக் கிடங்கு. ஸ்லாக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சேவை இவ்வகை. செய்திகளெல்லாம் அவர்கள் கணினியில் இருக்கும். முதலில் இலவசக் கணக்கு வைத்திருந்தவர்கள் கடைசி 10,000 செய்திகளைப் பார்க்கலாம் என்றிருந்தது. 2022 செப்டம்பர் முதல் கடைசி 90 நாள் செய்திகளை மட்டுமே பார்க்கலாம் என்றார்கள். 2024இல், ஓராண்டுக்கு மேற்பட்டவற்றை அழித்துவிடுவோம் என்றார்கள். கிடங்கு அவர்களுடையது, விதியும் அவர்களுடையது. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சரக்கு நம்முடையது அல்லவா?

மூன்றாவது வகைதான் சொந்தக் கிடங்கு. செய்திகளை வாங்கி, அடுக்கி, கேட்டபோது எடுத்துத் தரும் கணினியைச் 'சர்வர்' என்கிறார்கள். அந்தக் கணினியில் ஓடும் மென்பொருளும் சர்வர்தான். இதை நாமே நிறுவி, நாமே வைத்துக்கொள்ளலாம். அதற்கான நல்ல மென்பொருள்கள் காசில்லாமலே கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றான ஜூலிப் பற்றியும், அண்மை ஆண்டுகளில் அதில் வந்துள்ள முன்னேற்றங்கள் பற்றியும் கீழே தருகிறோம்.

கலவை விகிதம் அச்சிட்ட பொட்டலம்

'திறந்த மூலநிரல்' என்ற சொல்லைக் கேட்டு மிரள வேண்டாம். சாம்பார்ப் பொடிப் பொட்டலத்தின் மேலேயே மல்லி எத்தனை, மிளகாய் எத்தனை, துவரை எத்தனை என்று விகிதத்தை அச்சிட்டு, 'நீங்களும் அரைத்துக்கொள்ளலாம், மாற்றி அரைக்கலாம், விற்கவும் செய்யலாம்' என்று ஒருவர் கொடுத்தால் எப்படியோ அப்படி. நாளைக்கு அந்தக் கம்பெனி மூடினாலும் பொடி நிற்காது; விகிதம் நம்மிடம் இருக்கிறது.

ஜூலிப் பிறந்தது 2012இல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில். 2014இல் டிராப்பாக்ஸ் என்ற பெரிய நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. பெரிய கை வாங்கினால் சிறிய சரக்கு மறைந்துபோவதை நம் தொழிலிலும் பார்க்கிறோம். இங்கே அப்படி நடக்கவில்லை. 2015 செப்டம்பரில் அதன் மூலநிரல் முழுவதும் அப்பாச்சி உரிமத்தில் பொதுவாக வெளியிடப்பட்டது. தொடங்கியவர்களில் ஒருவரான டிம் அபாட் 2016இல் தனி நிறுவனம் வைத்து அதை வளர்த்து வருகிறார். உலகெங்குமிருந்து பலர் அதற்கு உழைக்கிறார்கள். கூகிள் நடத்தும் கோடைக்காலத் திட்டத்தின் வழியே நம் நாட்டுக் கல்லூரி மாணவர்கள் பலரும் அதில் பங்கெடுத்துள்ளார்கள். ரஸ்ட் என்ற கணினி மொழியை வளர்ப்பவர்களும், லீன் என்ற மென்பொருளை வைத்து நிறுவல்களைச் சரிபார்க்கும் கணித அறிஞர்களும் தங்கள் பேச்சை இதில்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

தலைப்பு என்னும் பக்கம்

கணித அறிஞர்களுக்கும் மளிகைக் கடைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. இருவருக்குமே ஒரே நேரத்தில் பல பேச்சு நடக்கும். ஒன்றில் விட்ட இடத்தை மறுபடி பிடிக்க வேண்டும்.

கைபேசிக் குழுவில் காலை 9 மணிக்கு உளுந்து விலை கேட்டிருப்பார் ஒருவர். அதற்குக் கீழே ஒருவர் திருமணப் பத்திரிகை போடுவார். அடுத்து லாரி ஓட்டுநர் எண். அப்புறம் பத்துப் பேர் வாழ்த்து. உளுந்துக்குப் பதில் வந்ததா இல்லையா என்று தேடுவதற்குள் வேறு ஒருவர் சரக்கை எடுத்துவிடுவார். இதுதான் சிட்டை, வந்தது வந்தபடி வரிசையாக விழுவது.

ஜூலிப்பில் 'சேனல்' என்று ஒன்று உண்டு. அது பேரேட்டுப் புத்தகம். அதற்குள் ஒவ்வொரு பேச்சுக்கும் 'தலைப்பு' உண்டு. அது பேரேட்டின் பக்கம். 'கொள்முதல்' என்ற சேனலில் 'உளுந்து 40 மூட்டை, புதன் லாரி' என்று ஒரு தலைப்பு. அதைப் பற்றிய பேச்சு எல்லாம் அந்தப் பக்கத்தில்தான். மூன்று நாள் கழித்துப் பார்த்தாலும் விலை, லாரி எண், இறக்கிய மூட்டை, குறைந்த எடை எல்லாம் வரிசையாக இருக்கும். யாராவது தவறான பக்கத்தில் எழுதிவிட்டால், கணக்குப்பிள்ளை பதிவை மாற்றுவதுபோல் அச்செய்தியைச் சரியான தலைப்புக்கு நகர்த்தலாம். சரக்கு இறங்கிப் பணமும் கொடுத்தாயிற்று என்றால் அந்தத் தலைப்பில் 'முடிந்தது' என்ற குறி இட்டுவிடலாம். மீதி எத்தனை திறந்திருக்கிறது என்பது பார்த்தவுடன் தெரியும்.

அனுப்பிய செய்தியைத் திருத்தினால், திருத்தப்பட்டது என்று குறி விழும். பழைய வாசகத்தையும் எடுத்துப் பார்க்கும்படி வைக்கலாம். எத்தனை நேரத்திற்குள் திருத்தலாம், யார் அழிக்கலாம் என்பதை முதலாளி வரையறுக்கலாம். மேலே சொன்ன 118க்கும் 122க்கும் உள்ள வழக்கு இங்கே எழவே எழாது.

ஆண்டுவாரியாக வந்த முன்னேற்றங்கள்

இவை ஒரே நாளில் வந்தவை அல்ல. நமக்குப் பயன்படுவனவற்றை மட்டும் சொல்கிறோம்.

2022 நவம்பரில் வந்த 6ஆம் பதிப்பில், ஒரு செய்தியை யார் யார் படித்தார்கள் என்று பார்க்கும் வசதி வந்தது. 'நான் பார்க்கவில்லையே அண்ணாச்சி' என்ற பேச்சு குறைந்தது.

2023 மே மாதம் வந்த 7ஆம் பதிப்பில், செய்தியை இப்போதே எழுதிப் பின்னொரு நேரத்தில் போகும்படி வைக்கும் வசதி வந்தது. இரவு கணக்கு முடித்தபின் எழுதி, காலை 6 மணிக்குச் சிப்பந்திகளுக்குப் போகும்படி வைக்கலாம். தூங்குகிறவர்களை எழுப்ப வேண்டாம்.

2023 டிசம்பரின் 8ஆம் பதிப்பில், படிக்காத செய்திகளைத் தலைப்புவாரியாக ஒரே பட்டியலில் காட்டும் பக்கம் வந்தது. கடைக்கு வந்ததும் தபாலைப் பிரித்து அடுக்கி வைத்ததுபோல் இருக்கும். குறிப்பிட்ட தலைப்பை மட்டும் பின்தொடரவும் வழி செய்தார்கள்.

2024 ஜூலையின் 9ஆம் பதிப்பில், அதுவரை வேறு பெயரில் இருந்ததைச் 'சேனல்' என்று மாற்றினார்கள். பெயர்தானே என்று தோன்றும். ஆனால் புதிதாக வருகிற சிப்பந்திக்குத் தெரிந்த சொல்லைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

2025 மார்ச்சில் வந்த 10ஆம் பதிப்பு முக்கியமானது. இன்னின்னார் இன்னின்னது செய்யலாம் என்ற அதிகாரத்தைக் குழுவாரியாகப் பிரித்துக் கொடுக்க முடிந்தது. பாகஸ்தர்கள், கணக்கு எழுதுவோர், கிடங்கு ஆட்கள் என்று குழு பிரித்து, யார் எந்தப் புத்தகத்தில் எழுதலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம் என்று நிர்ணயிக்கலாம். கல்லாப்பெட்டிச் சாவியை எல்லோரிடமுமா கொடுக்கிறோம்? அடிக்கடி அனுப்பும் வாசகங்களைச் சேமித்து வைத்து ஒரே தட்டில் எடுக்கும் வசதியும் இதில் வந்தது. பாக்கி நினைவூட்டும் வாசகத்தை நாள்தோறும் புதிதாக எழுத வேண்டாம்.

2025 ஜூனில் கைபேசிக்கான செயலியைப் புதிதாகவே எழுதி வெளியிட்டார்கள்.

2025 ஆகஸ்டில் வந்த 11ஆம் பதிப்பில், சேனல்களைக் கோப்புறைகளாக அடுக்கும் வசதியும், ஒரு செய்தியைக் குறித்த நேரத்தில் நினைவூட்டச் சொல்லும் வசதியும் வந்தன. 'வெள்ளிக்கிழமை பணம் தருகிறேன்' என்று எழுதியவரின் செய்தியை வெள்ளிக்கிழமை காலை நம் கண்முன் அது கொண்டுவந்து வைக்கும்.

நம் கடையில் கண்டது

நம் கடையில் ஆறு மாதமாக இதை வைத்திருக்கிறோம். கடை, கிடங்கு, பக்கத்து ஊர்க் கிளை மூன்றிலுமாக ஒன்பது பேர். கணினிக் கணக்குப் பார்க்கும் தம்பி இரண்டு நாளில் நிறுவித் தந்தார். 100 பேருக்குள் என்றால் 2 ஜி.பி. நினைவகமும் 10 ஜி.பி. காலி இடமும் உள்ள கணினி போதும். உபுண்டு அல்லது டெபியன் என்ற காசில்லா இயங்குதளம் அதில் இருக்க வேண்டும். சொந்தக் கணினியிலும் வைக்கலாம். மாத வாடகைக்குக் கிடைக்கும் கணினியிலும் வைக்கலாம். மின்தடையை நினைத்து நாம் வாடகைக் கணினியில் வைத்தோம். கிடங்கு வாடகைதான், பூட்டும் சாவியும் நம்முடையவை. வேண்டாம் என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு இடம் போகலாம்.

முதல் மாதம் சிரமமாகத்தான் இருந்தது. தலைப்பு போட்டு எழுதுங்கள் என்றால் கிடங்கு ஆட்கள் தலைப்பில்லாமல் போட்டார்கள். கணக்குப்பிள்ளை பொறுமையாக நகர்த்தி வைத்தார். இரண்டாம் மாதம் அவர்களே போடத் தொடங்கினார்கள். காரணம், ஒரு லாரி மிளகாய் வற்றல் எடை குறைந்து வந்தபோது, எடைச் சீட்டின் படமும் ஏற்றிய இடத்து எடையும் ஒரே பக்கத்தில் இருந்ததால், தப்பு தங்கள்மேல் இல்லை என்று கிடங்கு ஆட்களே எடுத்துக் காட்ட முடிந்தது. தம்மைக் காப்பாற்றும் புத்தகம் என்று தெரிந்தபின் யாரும் எழுதத் தயங்குவதில்லை.

இன்னொரு நன்மை. சிப்பந்தி ஒருவர் விலகிப் போனார். அவர் எழுதியவை எல்லாம் கடையிலேயே இருக்கின்றன. அவர் கணக்கை மட்டும் முடக்கினோம். அவருக்கும் சங்கடமில்லை, நமக்கும் நட்டமில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும்

நிறையை மட்டும் சொல்லிக் குறையை மறைப்பது வணிக தர்மம் அல்ல.

முதலாவது, வாடிக்கையாளர்கள் இதற்கு வரமாட்டார்கள். அவர்களுக்கு வாட்ஸப்தான். எனவே வெளிப் பேச்சு அங்கேயும், உள் பேச்சு இங்கேயும் என்றுதான் இருக்கும். வெளியில் பேசி முடித்த விலையை இங்கே ஒரு வரி எழுதி வைக்கும் பழக்கம் வேண்டும்.

இரண்டாவது, கைபேசியில் மணி அடித்துச் செய்தி வந்ததைத் தெரிவிக்கும் சேவை, சொந்த சர்வர் வைத்திருந்தாலும், ஜூலிப் நிறுவனத்தின் வழியாகத்தான் வருகிறது. 10 பேர் வரை காசில்லை. அதற்கு மேல் ஆட்கள் உள்ள வணிக நிறுவனங்கள் தலைக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும்.

மூன்றாவது, வாட்ஸப்பில் உள்ளதுபோல் இரு முனைக்கும் இடையே யாரும் படிக்க முடியாத மறைகுறி இதில் இல்லை. சர்வரை ஆள்பவர் நினைத்தால் செய்திகளைப் படிக்க முடியும். ஆகவே சாவி யாரிடம் என்பதில் கவனம் வேண்டும்.

நான்காவது, புதிய பதிப்பு வரும்போது ஏற்ற வேண்டும். ஒரே கட்டளையில் ஏறிவிடும். ஆனால் அந்தக் கட்டளையைக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். ஏற்றாமல் விட்டால், ஓட்டை விழுந்த கிடங்கில் எலி நுழைவதுபோல் திருடர் நுழைவர். நகல் எடுக்கவும் ஒரே கட்டளைதான். வாரம் ஒருமுறையாவது எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும்.

ஐந்தாவது, இவ்வகை மென்பொருளில் எதை எடுத்தாலும் நம் நாட்டு நிலைமையைப் பார்த்து எடுக்க வேண்டும். 2023 மே மாதம் மத்திய அரசு 14 செய்திச் செயலிகளைத் தடை செய்தது. மேட்ரிக்ஸ் முறையில் இயங்கும் எலிமென்ட் என்ற திறந்த மூலநிரல் செயலியும் அதில் ஒன்று. ஜூலிப் அப்பட்டியலில் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குப் புத்தகங்களை வைத்திருக்க வேண்டும். கடைப் பேச்சு கணக்குப் புத்தகம் ஆகாதுதான். ஆனால் ஒரு பட்டியலைப் பற்றி ஐந்து ஆண்டு கழித்துக் கேள்வி வந்தால், அந்த விலை எப்படி வந்தது என்பதற்கு விளக்கம் அந்தப் பேச்சில்தான் இருக்கும். மேலும், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுகளை உரிய சான்றிதழுடன் சாட்சியமாக ஏற்கிறது. இருந்தால்தானே ஏற்பதற்கு?

செய்ய வேண்டியவை

1. முதலில் கடை ஆட்களின் சொந்தக் கைபேசியில் கடை ஆர்டர்கள் போவதை நிறுத்துங்கள். கடைக்கென்று தனி எண்ணும் கைபேசியும் வைத்துக்கொள்ளுங்கள். சர்வர் வைத்தாலும் வைக்காவிட்டாலும் இது அவசியம்.

2. வணிகப் பேச்சு நடக்கும் இடத்தில் செய்தி தானாக மறையும் வசதியை அணைத்து வையுங்கள்.

3. பத்துப் பேருக்குள் உள்ள கடைகள், கணினி தெரிந்த ஒருவரைக் கொண்டு ஜூலிப்பை ஒரு மாதம் சோதித்துப் பாருங்கள். முதலில் ஒரே ஒரு சேனல், லாரி வரவு மட்டும் என்று தொடங்குங்கள். பழகியபின் மற்றவற்றைச் சேருங்கள்.

4. சர்வரின் கடவுச்சொல்லை ஒரே ஆளிடம் விட்டுவிடாதீர்கள். எழுதி, உறையிலிட்டு, பத்திரங்களோடு பெட்டியில் வையுங்கள்.

5. நகல் எடுத்தால் மட்டும் போதாது; அந்த நகலிலிருந்து செய்திகளை மீட்க முடிகிறதா என்று ஒருமுறை செய்து பாருங்கள்.

சிறு கடைக்காரர்கள் தனித்தனியே சர்வர் வைப்பது கடினம் என்பது நமக்குத் தெரியும். அதற்குச் சங்கம் இருக்கிறது. சங்கக் கட்டடத்தைச் சேர்ந்து கட்டினோம். எடைமேடையைச் சேர்ந்து வைத்தோம். அதுபோல் சங்கத்தின் பெயரில் ஒரு சர்வர் வைத்து, அன்றன்றைய விலை நிலவரம், லாரி வரவு, ஏமாற்றிய வெளியூர்த் தரகர் பற்றிய எச்சரிக்கை, அரசு ஆணைகள் ஆகியவற்றைத் தலைப்புவாரியாக உறுப்பினர்களுக்குத் தரலாம். ஆட்கள் அதிகமாவதால் வரும் செலவு எவ்வளவு, பராமரிப்பு யார் பொறுப்பு என்பவற்றைச் செயற்குழு முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடுபவர்கள் அல்லவா நாம்! அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். உறுப்பினர்களும் தங்கள் கருத்தைச் சங்க அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுக்கலாம்.